இன்று கேட்காதது

ஜூன் 3, திங்கள்

டாக்டர் உமையாள் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மற்றபடி எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

ஒரு மாதம் தினமும் எது கேட்கவில்லை, எந்த இடத்தில் கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு வரவேண்டுமாம். கூடவே ஒரு காது மிஷினையும் கொடுத்து, போட்டுப் பழகிப் பாருங்கள் என்றார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி, அவரைக்கொட்டை அளவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதை மேக்கப் பெட்டியில், ஊக்கு டப்பாவுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

வடபழனியில் கிளினிக். யாருக்கும் தெரியக் கூடாதென்று முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு போனேன். அப்படியும் கீழே மருந்துக்கடைக்காரர் சீரியல் மாமியாரைக் கண்டுபிடித்துவிட்டார். “மங்களாம்பிகை அம்மாதானே? அந்த மருமகளை ஏம்மா அந்தப் பாடு படுத்துறீங்க?” என்றார். அது நன்றாகவே கேட்டது.

டாக்டருக்கு எங்கள் தொழில் தெரியாது. ஒரே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. எழுத்தாளரே அன்றன்று காலையில்தான் எழுதி வாட்ஸப்பில் அனுப்புவார். கேமரா ஓட ஆரம்பித்ததும் ஒருவர் பக்கத்தில் நின்று வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார். நாங்கள் அதைக் காதில் வாங்கி முகபாவத்தோடு திருப்பிச் சொல்வோம். இதற்குப் பெயர் ப்ராம்ப்ட். பிறகு டப்பிங் பேசும்போது அவர் குரல் போய்விடும், எங்கள் குரல் நிற்கும். ஒரே நாளில் ஏழு சீன் முடிவது இதனால்தான். நாடகத்தில் இருபத்தெட்டு வருடம் மூன்று மணி நேர வசனத்தைத் தலையில் சுமந்தவள் நான். சீரியலுக்கு வந்த பதினொரு வருடத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

ஆகவே டாக்டர், எங்கள் தொழிலில் முழங்கால் போனால் நாற்காலியில் உட்கார வைத்து எடுப்பார்கள். முடி போனால் விக் இருக்கிறது. காது போனால், “இனி இவருக்குப் பதில் இவர்” என்று திரையின் கீழே ஒரு வரி போட்டு, வேறொருத்திக்கு என் புடவையைக் கட்டி என் ஊஞ்சலில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் இன்னொரு மாமியார் வேடம் தேடி யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

இன்று கேட்காதது: எதுவுமில்லை.

ஜூன் 5, புதன்

வளசரவாக்கம் ஷூட்டிங் ஹவுஸ். காலை ஏழரைக்கு மேக்கப்.

சுகந்தி வரவர முணுமுணுக்கிறாள். எங்கள் சீரியலில் ப்ராம்ப்ட் செய்வது அவள்தான். தேனிப் பக்கம். நாற்பது வயதாகிறது, பதினாறு வருடமாக அசோசியேட், இன்னும் டைரக்டராகவில்லை. அவளுக்கு என்ன குரல் தெரியுமா! முதல் நாள் அவள் ப்ராம்ப்ட் செய்தபோது இவளே நடிக்கலாமே என்று நினைத்தேன். அந்தக் குரலை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்தாளோ.

மருமகளாக வரும் அக்ஷதா வரவேற்பறையில் அழ வேண்டும், நான் ஊஞ்சலிலிருந்து எழுந்து திட்ட வேண்டும். அவள் அழுது முடித்தாள். நான் காத்திருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டைரக்டர் கோதண்டம் கட் சொல்லிவிட்டு எழுந்து வந்து, “என்னம்மா, மூடு செட் ஆகலையா?” என்றார். “ஜெனரேட்டர் சத்தம் காதைக் கிழிக்குது. அதை வச்சுக்கிட்டு எப்படி நடிக்கிறது?” என்று சத்தம் போட்டேன். ஜெனரேட்டரை நகர்த்தினார்கள். அடுத்த டேக்கில் சுகந்தி கொஞ்சம் வாயைத் திறந்து சொன்னாள், முடிந்தது.

இன்று கேட்காதது: ஜெனரேட்டரால் ஒரு வரி. காதின் தப்பு இல்லை.

ஜூன் 6, வியாழன்

ஷூட்டிங் இல்லை. அரைக்கீரையும் வற்றல் குழம்பும்.

இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் ஏதாவது சொல்கிறார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் கத்தியவர், இனியாவது அமைதியாக இருக்கட்டும்.

இன்று கேட்காதது: எதுவுமில்லை.

ஜூன் 8, சனி

நாடகப் பள்ளியின் செயலாளர் பேசினார். புதிதாக நடிக்க வருகிறவர்களுக்காக ஒரு கையேடு போடுகிறார்களாம். மேடையும் திரையும் தெரிந்தவர் என்ற முறையில் நான் பத்துப் பக்கம் எழுதித் தர வேண்டும், ஜூலை முதல் வாரத்துக்குள். “தத்துவமெல்லாம் வேண்டாம்மா, தொழில்ல நாளைக்கே உபயோகப்படுற மாதிரி எழுதுங்க” என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போ. உன் ஊக்கு, உன் பொட்டு, உன் சீப்பு உன்னிடம் இருக்கட்டும். வண்டி ஓட்டத் தெரியும், நீச்சல் தெரியும் என்று பொய் சொல்லாதே, ஆற்றில் இறக்கிவிட்டுவிடுவார்கள். உடையை மாற்றுமுன் கண்ணாடியில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். எந்தக் கையில் எத்தனை வளையல் என்று அடுத்த வாரம் உனக்கே ஞாபகம் இருக்காது, ஆனால் கேமராவுக்கு இருக்கும். ஒரு ஷாட்டில் தெரிந்த பொருள் சீன் முடியும்வரை இருந்தே ஆக வேண்டும். கண்டினியூட்டி விஷயத்தில் டைரக்டரிடமும் விட்டுக்கொடுக்காதே.

எல்லாவற்றிலும் முக்கியமானது: உடம்பில் என்ன குறை வந்தாலும் வெளியில் சொல்லாதே. ஜுரம் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு சிரி. இந்தத் தொழிலில் “பாவம்” என்று சொன்ன பிறகு யாரும் வேலை கொடுப்பதில்லை.

இன்று கேட்காதது: எதுவுமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். எழுத்தாளர் வசனம் அனுப்பியதும் அதை எனக்குத் தட்டிவிடச் சொல்லி சுகந்தியிடம் கேட்டேன். மேக்கப் போடும்போதே படித்து மனப்பாடம் செய்துவிட்டால் ப்ராம்ப்டே வேண்டாம்.

“எதுக்கு வல்லிக்கா இந்தக் கஷ்டம்?” என்றாள்.

“நான் டிராமாக்காரிடி. படிச்சிட்டு நடிச்சாத்தான் உணர்ச்சி வரும்.”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “சரிக்கா, அனுப்புறேன்,” என்றாள். ஏன் அப்படிப் பார்த்தாள்? அதை நினைத்து மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது என்று இன்றுதான் தெரிந்தது. வசனம் தலையில் இருக்கிறது, எப்போது ஆரம்பிப்பது என்பது காதில்தான் இருக்கிறது. எதிரில் நிற்பவர்களின் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டார்களா என்று கணக்குப் போடுகிறேன். அக்ஷதா மைசூர்ப் பெண், தமிழ் தெரியாமல் ப்ராம்ப்டைக் கேட்டுக் கேட்டு இழுத்து இழுத்துப் பேசுவாள். எங்கே முடிக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எதிரில் இருப்பவருக்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஷாட் வந்தால் அந்த உதடும் தெரியாது.

இன்று கேட்காதது: சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 13, வியாழன்

இத்தனை நாள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற சுகந்தி இப்போது என் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் நிழல் என் மேல் விழுகிறது. லைட்மேன் மணவாளன் இரண்டு தடவை லைட்டை நகர்த்த வேண்டியதாயிற்று. வழக்கமாகக் குதிக்கிற ஆள், இன்று ஒன்றும் சொல்லவில்லை. போதாததற்கு, நான் பேச வேண்டிய நேரத்தில் சுகந்தி வசனத்தாளைக் கீழே இறக்குகிறாள். எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இஞ்சியும் தேனும் கலந்து குடித்துக்கொண்டிருந்தாள். “குரலை வச்சுப் பொழைக்கிறவ இப்படியா விடுவே? காலையும் சாயந்தரமும் உப்புத் தண்ணியில கொப்புளி,” என்று கண்டித்தேன். தலையை ஆட்டினாள்.

செட்டில் எல்லோருக்கும் மரியாதை குறைந்துகொண்டு வருகிறது. முன்பெல்லாம் நாலடி தள்ளி நின்று “அம்மா” என்பார்கள். இப்போது முகத்துக்கு நேரே வந்து வாயைப் பெரிதாகத் திறந்து பேசுகிறார்கள்.

ஜூன் 15, சனி

டப்பிங். ஹெட்போனில் சத்தமாக வைக்கச் சொன்னேன். வைத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். “அம்மா, இதுக்கு மேல வச்சா ஹெட்போன்லேருந்து கசியுற சத்தம் உங்க மைக்ல ஏறுது,” என்றார். ஹெட்போன் பழசு என்றேன். புதியதுதான் என்று பெட்டியைக் காட்டினார்.

வெளியில் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று கேட்காதது: ஹெட்போன்.

ஜூன் 20, வியாழன்

என்னைச் சாகடிக்கப் போகிறார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஸ்டில் போட்டோகிராபர் வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கச் சொன்னார். பட்டுப் புடவை, முழு நகை. “நேரா பாருங்கம்மா, லேசா சிரிங்க, இன்னும் கொஞ்சம் சாந்தமா,” என்றார். நான்கு படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். “ஆர்ட் டிபார்ட்மெண்ட்ல கேட்டாங்கம்மா,” என்று கேமராவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சீரியலில் நடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாந்தமாகச் சிரிக்கச் சொல்லி நேர் முகமாக ஒரு படம் எடுத்தால், அது ஹாலில் மாலை போட்டு மாட்டுகிற படம். எனக்கு இது மூன்று முறை நடந்திருக்கிறது. முதல் சீரியலில் படம் எடுத்த பத்தாம் நாள் மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். இரண்டாவதில் மாரடைப்பு. மூன்றாவதில் காசிக்குப் போனவள் திரும்பவே இல்லை, தகவல்தான் வந்தது. மூன்று முறையும் படத்தைப் பார்த்துத்தான் நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். மூன்று முறையும் அடுத்த வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அப்போது வயது இருந்தது, காதும் இருந்தது.

வேறொருத்தியைப் போடக்கூட அவர்களுக்கு மனம் இல்லை. கதையையே முடிக்கிறார்கள்.

கையேட்டுக்கு: போட்டோகிராபர் சாந்தமாகச் சிரிக்கச் சொன்னால் அன்றைக்கே வேறு வேலை தேட ஆரம்பி.

ஜூன் 22, சனி

ஆர்ட் அறையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய சட்டம் ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. ஓரத்தில் தாள் கிழிந்து என் புடவையின் அரக்குக் கரை தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து ஆர்ட் அசிஸ்டெண்ட் அதன் மேல் ஒரு துணியை இழுத்துவிட்டார்.

வராந்தாவில் சுகந்தியும் டைரக்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் என் கண்ணைப் பார்க்காமல், “வாங்கம்மா, டீ சாப்டீங்களா?” என்றார்.

யார் சொல்லியிருப்பார்கள்? டாக்டர் சொல்லமாட்டார். டப்பிங் இன்ஜினியருக்குச் சந்தேகம் மட்டும்தான். என் உதட்டையும் காதையும் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறவள் ஒருத்திதான்.

இவர் சாயந்தரம் எதிரில் வந்து உட்கார்ந்து, “ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்றார். கீரை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். முப்பது வருடமாக இவருக்கு என்னைத் தெரியும். இவரிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

ஜூன் 25, செவ்வாய்

இரண்டு நாளாக வசனம் வரவில்லை. கேட்டால், “எழுத்தாளர் இன்னும் அனுப்பலக்கா,” என்று சுகந்தியிடமிருந்து மெசேஜ். வியாழக்கிழமை பெரிய சீன் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. நாற்பது துணை நடிகர்கள் வருகிறார்களாம். நாற்பது பேர் எதற்கு வருவார்கள்? சாவு வீட்டுக்குத்தான்.

மதியம் மேக்கப் அறையில் அவள் தனியாக இருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“என் காதைப் பத்தி நீதானே போட்டுக்கொடுத்தே?”

வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு வருடமாக இவரிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

“அக்கா…” என்றாள். அல்லது அப்படி உதட்டை அசைத்தாள். கை தொண்டைக்குப் போயிற்று.

“பதினாறு வருஷமா ஏறாதவ, என்னை மிதிச்சு ஏறலாம்னு பாத்தியா? நல்லா இரு. தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நடிக்காதே. அது என் வேலை.”

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் உள்ளவள் எப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

ஜூன் 26, புதன்

சுகந்தி வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

அவளுக்குப் பதில் பரசுராமன் என்று ஒருவர், வேறு சீரியலிலிருந்து. கணீர்க் குரல் என்றார்கள். கேமராவுக்குப் பக்கத்தில், என் வலப்பக்கம், அதாவது மோசமான காதின் பக்கம் நின்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை. மூன்று டேக். நான்காவதில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டேன். என் சீனைத் தள்ளிவைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் ஏறும்போது டைரக்டர் ஜன்னலில் குனிந்து, “நாளைக்கு மட்டும் எப்படியாவது வந்துடுங்கம்மா. நீங்க இல்லாம அந்த சீனே இல்ல,” என்றார்.

பிணம் இல்லாமல் சாவு வீடு ஏது?

வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். சோற்றுக்குக் குறை வராது. ஆனால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? யாராக இருப்பேன்? பதினேழு வயதிலிருந்து, வேலை இல்லாத வருடங்களிலும், ஏதாவது ஒரு வேடம் எனக்காக எங்காவது காத்திருந்தது. அது இல்லாத ஒரு நாளைக்கூட என்னால் நினைக்க முடியவில்லை.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஷூட்டிங் ஹவுஸ் முன்னறையைக் கடையாக மாற்றியிருந்தார்கள். வாழை மரம், மாவிலைத் தோரணம், அடுக்கடுக்காகப் பட்டுப்புடவைகள். வாசலுக்கு மேலே “மங்களாம்பிகை சில்க்ஸ்” என்று பலகை. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் என் படம், சாந்தமாகச் சிரித்துக்கொண்டு. மாலை இல்லை. கதைப்படி மகன் அம்மா பெயரில் ஜவுளிக்கடை திறக்கிறான். நாற்பது பேரும் புடவை வாங்க வந்தவர்கள். “உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலம்மா,” என்றார் டைரக்டர்.

சுகந்தியிடம் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. சுவரில் சிரித்துக்கொண்டிருந்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

வசனத்தாளைக் கடைசி நேரத்தில் கையில் கொடுத்தார்கள். ஐந்து பக்கம், எட்டுப் பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். மனப்பாடம் செய்ய நேரமில்லை. உதட்டைப் பார்க்கலாம் என்றால் பாதிப் பேர் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். என் இடப்பக்கம் காலியாக இருந்தது. இன்று ஒரு வரி தவறினால் நாற்பது பேருக்கு முன்னால் தவறும். மேக்கப் அறைக்குப் போனேன். கதவைத் தாழிட்டேன். ஊக்கு டப்பாவுக்கு அடியிலிருந்து அந்த மிஷினை எடுத்தேன். மாட்டிப் பழகாததால் இரண்டு தடவை கீழே விழுந்தது. மாட்டலின் சங்கிலியைக் கொஞ்சம் இழுத்து அதை மறைத்துக்கொண்டேன்.

முதலில் கேட்டது என் வளையல். அடுத்து மின்விசிறி. அதற்குள் ஒரு கிறீச் சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு செட்டுக்கு வந்தேன்.

“அம்மாஆ! இங்க நிக்கணும்! இந்த மார்க்!” மணவாளன் என் முகத்துக்கு நேரே வந்து கத்தினார். துள்ளிவிட்டேன். இவருக்கு என்ன கோபம்?

“அம்மா! சாப்டாச்சா!” அக்ஷதா. அடித்தொண்டையிலிருந்து கத்துகிறாள், முகத்தில் மட்டும் சிரிப்பு.

டச்-அப் செய்கிறவர், காபி கொண்டுவந்தவர், மேனேஜர், எல்லோரும் ஒருவர் விடாமல் என்னிடம் வந்து கத்தினார்கள். திரும்பிப் போய்த் தங்களுக்குள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். அது அவர்கள் சாதாரணக் குரல். எனக்கு மட்டும்தான் அந்தக் கத்தல்.

எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஷாட் ரெடி என்றார்கள். பரசுராமன் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. முதல் டேக்கிலேயே முடித்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து மகன் “அம்மா” என்றதும் திரும்பினேன், சரியான நேரத்தில். அழச் சொல்லியிருந்தார்கள். கிளிசரின் தேவைப்படவில்லை.

டைரக்டர் ஓகே சொன்னார். அப்போது கேமராமேன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, “சார், குளோசப்ல அம்மா காதுல ஏதோ தெரியுது,” என்றார்.

செட் அமைதியாகிவிட்டது. இது உண்மையான அமைதி, எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இதற்காகத்தான் ஒரு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தேன்.

கோதண்டம் மானிட்டரில் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். “எடுத்தாச்சு இல்ல? அப்ப கண்டினியூட்டி. கழட்டாதீங்கம்மா. அது இல்லாம மேட்ச் ஆகாது. இனிமே மங்களாம்பிகைக்கும் காது கேக்காதுன்னு எழுதச் சொல்றேன்.”

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

“பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்மா. எல்லாருக்கும் சுகந்திதான் சொல்லி வச்சா. உங்ககிட்ட யாரும் கேட்டுடக் கூடாதுன்னு. ‘வல்லிக்காவே சொல்லட்டும் சார், அதுவரைக்கும் நான் கத்திக்கிறேன்’னா.”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். சமையலறையிலிருந்து இவர், “காபி வேணுமாஆஆ?” என்று கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும். பேச்சைக் குறைத்துக்கொண்டவராம். “மெதுவா கேளுங்க,” என்றேன். டம்ளர் கீழே விழும் சத்தம் வந்தது.

ஜூன் 28, வெள்ளி

சேனலில் எடுத்த சீனைப் போட்டுப் பார்த்தார்களாம். மூன்று மாதம் இப்படியே போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்களாம். “பிறகு பார்க்கலாம்” என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பயம் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்குக் கால்ஷீட் வந்திருக்கிறது.

சுகந்தி போனை எடுக்கவில்லை. எட்டு முறை அடித்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

விருகம்பாக்கத்தில் அவள் வீட்டைத் தேடிப் பிடித்தேன். கதவைத் திறந்தவள் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே வரும்படி கையைக் காட்டினாள்.

போனில் தட்டித் தட்டிக் காட்டினாள். குரல் நாணில் கட்டி. ஆறேழு மாதமாக அளவுக்கு மீறிக் கத்தியதால் வந்தது என்றார்களாம். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். இரண்டு மாதம் வாயையே திறக்கக் கூடாது. பழைய குரல் திரும்புமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நான் கேட்டபோது அவளால் பேச முடியவில்லை. வேறு ஒன்றுமில்லை.

“நான் யார்கிட்டயும் போட்டுக்கொடுக்கலக்கா” என்று தட்டிக் காட்டினாள். அதை மட்டும் இரண்டு முறை காட்டினாள்.

“தெரியும்டி. மன்னிச்சிடு. என் பயம் உன் தொண்டையைத் தின்னுடுச்சு.”

அவள் “விடுங்கக்கா” என்பதுபோல் கையை அசைத்தாள். பிறகு என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று தட்டினாள்.

“ஊரே கத்துதுடி,” என்றேன்.

சிரித்தாள். தோள் குலுங்கியது, கண் சுருங்கியது. நான் மிஷினைக் கையால் அழுத்திக்கொண்டு கவனித்தேன். அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்தேன். உடம்பின் குறையை வெளியில் சொல்லாதே என்று எழுதியிருந்த பத்தியை அடித்தேன். அதற்குப் பதில் எழுதினேன்: உன் குறையை முதல் நாளே சொல்லிவிடு. நீ மறைக்கிற ஒவ்வொரு நாளும் உனக்காக வேறு யாரோ சுமக்கிறார்கள். அவர்கள் உன்னிடம் சொல்லமாட்டார்கள். நாளை தபாலில் போட வேண்டும்.

டாக்டர், மாதம் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்ட கணக்கில் இதுவரை எழுதியது பெரும்பாலும் பொய். இது ஒன்று உண்மை.

இன்று கேட்காதது: சுகந்தியின் சிரிப்பு. மிஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது.